மணலுக்கு அடியில் ராஸ்

“மூணாவதும் செத்துப்போச்சும்மா” என்றார் டாக்டர் தெய்வநாயகம்.

அவருக்கு அறுபது வயது. மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர். வீட்டுத் தொட்டியில் அவர் விட்ட மூன்று ராஸ் மீனும் செத்துப்போனதால் தூத்துக்குடிக்கு ஜெனோவாவைத் தேடி வந்திருந்தார். அவளுக்கு முப்பத்திரண்டு. அதே மீனைத் தன் வீட்டில் ஆறு வருஷமாக உயிரோடு வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

ராஸ், விரல் நீளக் கடல்மீன். உடம்பெல்லாம் புள்ளி. புது இடத்தில் விட்டால் மிரண்டுபோய் மணலுக்குள் புதைந்துகொள்ளும். நாள்கணக்கில் வெளியே வராது.

டாக்டர் நோட்டை நீட்டினார். தொட்டித் தண்ணீரின் உப்பு, சூடு, எல்லாம் மணிக்கு மணி எழுதியிருந்தது.

ஜெனோவா அதைத் திறக்கவில்லை. “மணலுக்குள்ள இருந்த மீன் செத்தது எப்படித் தெரிஞ்சது?”

“கிளறிப் பார்த்தேன்.”

“எப்போ?”

“ரெண்டாம் நாள். உயிரோட இருந்தது.”

“அப்புறம்?”

“மூணாம் நாளும் பார்த்தேன். இருந்தது. நாலாம் நாளும் இருந்தது.”

“அஞ்சாம் நாள்?”

“செத்துக் கிடந்தது.” டாக்டர் முன்னால் சாய்ந்தார். “நாலாம் நாளுக்கும் அஞ்சாம் நாளுக்கும் நடுவுல தண்ணியில ஏதோ கெட்டிருக்கு. அது என்னன்னுதான் பிடிபடலை.”

ஜெனோவா எழுந்து அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே சின்னத் தொட்டி ஒன்று. பாறை, தண்ணீர், மணல். மீன் எதுவும் கண்ணில் படவில்லை.

“புதுசா விட்டது. இன்னியோட ஆறு நாள் ஆகுது” என்றாள். “உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் போனது. மணல் அசையவில்லை. தொட்டிமேல் ஒரு மெல்லிய குச்சி கிடந்தது. டாக்டரின் கை அதை நோக்கிப் போனது.

ஜெனோவா அந்தக் கையில் டீ டம்ளரைக் கொடுத்தாள்.

சூடு தாங்காமல் அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“உள்ள உயிரோட இருக்கா?”

“தெரியாது.”

“செத்திருந்தா?”

“செத்திருக்கலாம்.”

“உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?”

“இருக்கு” என்றாள் ஜெனோவா. சொல்லிவிட்டு, சோறு வடிக்கப் போனாள்.

சாயங்காலம் வரை அவர் அங்கேயே இருந்தார். மீன் வரவில்லை. கிளம்பும்போது அவள் தன் பெரிய தொட்டியிலிருந்து நாலாவதாக ஒரு ராஸைத் தண்ணீர்ப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

மதுரையில் தொட்டிக்குள் விட்டதுமே அது மணலில் மறைந்தது.

ரெண்டாம் நாள் மணலைக் கிளறும் குச்சியை எடுத்தார். வைத்தார். மூணாம் நாள் அதை முறித்துக் குப்பையில் போட்டார். அஞ்சாம் நாள் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு, ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் நோட்டில் எதையும் எழுதவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஜெனோவாவுக்குப் போன் செய்தார்.

“இன்னும் வெளிய வரலைம்மா.”

“கிளறினீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

அவர் மணலைப் பார்த்தார். வழவழப்பாக, யாரும் மிதிக்காத கரைபோலக் கிடந்தது.

“செத்திருந்தா இனி அவசரம் ஒண்ணுமில்லை” என்றார். “உயிரோட இருந்தா, தூங்கிக்கிட்டிருக்கும்.”