திரும்பி வந்த அப்பா

சங்கரவடிவு டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அவரிடம் ஆன்லைன் வியாபாரம் படிக்க வந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அதனால் பலரும் கேள்வியை வாயிலேயே மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆவுடையப்பன் விழுங்குகிற ஆள் இல்லை.

அம்பாசமுத்திரத்தில் ஒரு டயர் கடையின் மாடியில்தான் வகுப்பு. டீச்சருக்கு வயது முப்பத்துமூன்று, எட்டு வருஷமாக நைட்டி விற்கிறார். ஆவுடையப்பனுக்கு அறுபத்தொன்று. இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக ஓடிவிட்டு ஓய்வு பெற்றவர். போனில் வருகிற போட்டோவைப் பெரிதாக அச்சடித்து, பிரேம் போட்டு, பார்சலில் அனுப்பும் தொழிலை டீச்சரிடம்தான் கற்றுக்கொண்டார். மகள் வயசுப் பெண்ணிடம் படிக்கிறோமே என்று ஒருநாளும் கூசியதில்லை. அது அவருடைய நல்ல குணம்.

இன்னொரு குணமும் இருந்தது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் அகப்பட்டால் சும்மா இறக்கிவிட மாட்டார். எழுப்பி நிறுத்தி, ஊர் என்ன, பேர் என்ன, அப்பன் பேர் என்ன என்று கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்படி விசாரித்துவிட்டுத்தான் விசிலை ஊதுவார்.

அன்றைக்கு வகுப்புக்கு வந்த ஆவுடையப்பன், கையிலிருந்த பார்சலை டீச்சரின் மேஜைமேல் பொத்தென்று வைத்தார்.

“பொருளு வாசலுக்கு வந்த பிறகு பணம் வாங்கிக்கிடலாம்னு நீங்கதான சொன்னிய. வாசலுக்குப் போச்சு. வாங்குன பிள்ளை பிரிச்சுப் பாத்துட்டு வேண்டாம்னு திருப்பிட்டா. போக வர பார்சல் கூலியும் என் தலையில. அதோட விட்டாளா? ஒத்தை ஸ்டாரு போட்டிருக்கா டீச்சர்.”

டீச்சர் காகிதத்தை விலக்கிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். பிரேமைச் சுற்றி சந்தன மாலை. கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள்.

“பதினாறாம் நாளுக்குக் கேட்டாங்களா?”

“ஆமா. ரெண்டு நாள் முன்னாலயே சேத்துட்டேன். அதுல குத்தம் சொல்ல முடியாது.”

“என்ன எழுதியிருக்கு அந்தப் பிள்ளை?”

“ ‘இது எங்க அப்பா இல்லை.’ இம்புட்டுதான். அவ அனுப்பின போட்டோ டீச்சர்! என் போன்ல இன்னும் கிடக்கு. முந்நூத்தம்பது ரூவாயை மிச்சம் பிடிக்கப் பெத்த அப்பனையே இல்லைங்கா.”

“நீங்க பதில் எழுதினியளா?”

“எழுதாம இருப்பனா?”

போனை நீட்டினார். அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே அவருடைய பதில் இருந்தது: ‘பணம் கொடுக்க வக்கில்லாமல், செத்துப்போன அப்பனையே இல்லை என்று சொல்லும் மகள். சிவகிரி பேச்சித்தாய். எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்.’

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார்.

“பதில் ஒரு தடவைதான் எழுத முடியும், எழுதினா அழிக்க முடியாதுன்னு முதல் வகுப்புலயே சொன்னேன் அண்ணாச்சி.”

“அதனாலதான் நல்லா யோசிச்சு எழுதினேன்.”

ஆவுடையப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் குரல் இறங்கிவிட்டது.

“ஆன்லைன்ல நம்ம கடை மார்க்கு மூணு ஸ்டாருக்குக் கீழ போயிட்டு. இன்னும் ரெண்டு இப்படி விழுந்தா கடையைத் தூக்கிருவாங்க. அது போச்சுன்னா நான் வெறும் பென்சன்காரன். பணமும் தராம பேரையும் கெடுக்கிற ஆளுகளை என்ன செய்யணும் டீச்சர்? அதைச் சொல்லுங்க.”

“இவரைக் கொண்டுபோய் வீட்டுல மாட்டுங்க.”

“யாரை?”

“இவரைத்தான். சாப்பிட உக்காந்தா கண்ணுல படுத இடத்துல மாட்டுங்க. பதினாறு நாள் கழிச்சு வாங்க.”

ஆவுடையப்பனுக்கு வந்த கோபத்தில் படி இறங்கும்போது கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. ஆனாலும் மாட்டினார். டீச்சர் சொன்ன வேலையை அவர் இதுவரை தட்டியதில்லை.

“யாரு செத்தது?” என்றாள் மனைவி இசக்கியம்மாள்.

“யாரோ. சிவகிரிக்காரரு.”

“அவருக்கு இங்க என்ன சோலி?”

ஆவுடையப்பன் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். இசக்கியம்மாள் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நம் சுவருக்கு வந்த பிறகு ஒருத்தரைச் சும்மா விட முடியுமா என்று கண்ணாடிமேல் ஒரு சந்தனப் பொட்டை வைத்துவிட்டாள்.

ஆறாம் நாள் ரசம் ஊற்றும்போது அவள் படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“இவருக்கு என்ன வயசு இருக்கும்?”

“எழுவத்தி மூணு. கீழ போட்டிருக்குல்லா.”

“மூஞ்சில ஒரு சுருக்கம்கூட இல்லையே. சோப்பு விளம்பரத்துல வாறவன் மாதிரில்லா இருக்காரு.”

ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்தது. “அதான் நம்ம கைவேலை. போன்ல ஒரு ஆப்பு இருக்கு. போட்டோவை உள்ள போட்டா கறுப்பு, கோடு, பள்ளம் எல்லாத்தையும் அதுவே சரி பண்ணிரும். வாற படம் எல்லாத்துக்கும் செய்தேன். அதுக்குன்னு தனியா ஒரு பைசா வாங்கல, பாத்துக்கோ.”

இசக்கியம்மாள் ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“நான் செத்தா என் மூஞ்சியையும் இப்படித்தான் துடைச்சுப் போடுவியளா?”

கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆவுடையப்பன் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கைகழுவிவிட்டு வந்து, போனில் அந்தப் பெண் அனுப்பிய போட்டோவைத் தேடி எடுத்தார்.

கன்னம் இரண்டிலும் அம்மைத் தழும்பு, குழி குழியாக. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு பழைய காயம். கண்ணுக்குக் கீழே கறுப்பு. போனைத் தூக்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சட்டை மட்டும்தான் ஒன்றாக இருந்தது.

‘இது எங்க அப்பா இல்லை.’

அவள் பொய் எழுதவில்லை. உள்ளதைத்தான் எழுதியிருந்தாள். அதற்குத்தான் அவளை எழுப்பி நிறுத்தி, ஊரையும் பேரையும் சொல்லி, அப்பனையும் இழுத்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டிருந்தார். ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு வெட்கத்தை அவர் பட்டதில்லை.

அடுத்த நாள் அந்த போட்டோவை எதுவும் செய்யாமல் அப்படியே அச்சடித்து, நல்ல தேக்குப் பிரேமாகப் போட்டு, தென்காசி வழியாகச் சிவகிரிக்கு பஸ் ஏறினார். முகவரி பார்சல் சீட்டில் இருந்தது.

பேச்சித்தாய் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆள் யார் என்று சொன்னதும் அவள் கை நின்றது. அண்ணாச்சி என்றும் சொல்லவில்லை, ஐயா என்றும் சொல்லவில்லை. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் படத்தை நீட்டினார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, காகிதத்தைக் கிழித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடிமேல் விரலை வைத்துக் கன்னத்தில் மெதுவாக நகர்த்தினாள்.

“சின்னப் பிள்ளைல அப்பா பக்கத்துல படுத்துக்கிட்டு இந்தக் குழியளை எண்ணுவேன். ஒருநாளும் எண்ணி முடிச்சதில்ல. அதுக்குள்ள தூங்கிருவேன்.”

அதை அவருக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை.

“தப்பு என்மேலதாம்மா,” என்றார் ஆவுடையப்பன்.

அவள் உள்ளே போய்ப் பணத்தோடு வந்தாள். மூன்று நூறு ரூபாயும் ஒரு ஐம்பதும்.

“ஐயோ, வேண்டாம்மா.”

“வக்கில்லன்னு எழுதினீங்கல்லா. பிடிங்க.”

பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வது?

“பதினாறாம் நாளு படம் இல்லாம வெறும் விளக்கை வச்சுத்தான் கும்பிட்டோம். வந்த ஆளுக படத்தைப் பத்திக் கேக்கல. நீங்க எழுதினதைத்தான் கேட்டாங்க. என் மாமியா வீட்டுல ஒருத்தர் பாக்கி இல்லாம படிச்சுட்டாங்க.”

“அதை என்னால அழிக்க முடியாதும்மா. ஆனா நீ போட்ட ஸ்டாரை எடுத்தா அதோட சேந்து என் பதிலும் போயிரும். நீ எடுத்திரேன்.”

பேச்சித்தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் நெசத்தைத்தான எழுதினேன். நான் எதுக்கு எடுக்கணும்?”

படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அதுதான் ஆவுடையப்பனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திறந்த கதவுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பதினாறு நாள் முடிந்ததும் டயர் கடை மாடிக்கு வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பணத்தை மேஜைமேல் வைத்தார். செலவழிக்கவும் முடியவில்லை, பையில் வைத்திருக்கவும் முடியவில்லை என்றார். டீச்சர் அதைத் தொடவில்லை.

“திரும்பி வந்த படம் இன்னும் பதினோரு பேரோடது கிடக்கு. எல்லாமே என் தப்புதானா டீச்சர்?”

“இல்ல. சில பேரு மனசு மாறித் திருப்புவாங்க. சில பேரு ஏமாத்துறதுக்குன்னே கேப்பாங்க. எனக்கு முந்நூறு நைட்டிக்கு மேல திரும்பியிருக்கு.”

“என்ன செய்திய அதை?”

“பிரிச்சு, தேய்ச்சு, மடிச்சு அடுத்த ஆளுக்கு அனுப்புவேன்.”

“படத்தை அடுத்த ஆளுக்கு அனுப்ப முடியாதே.”

“முடியாது.”

கீழே டயருக்குக் காற்று பிடிக்கிற சத்தம் கேட்டது. அது நின்றதும் ஆவுடையப்பன் கேட்டார்.

“வீட்டுல மாட்டினேனே அந்தப் படம், அதை இனி கழட்டிரலாமா? நீங்க சொன்ன பதினாறு நாளும் ஆயிட்டு. அந்த மூஞ்சி யாருக்குமே அப்பா இல்ல டீச்சர். பாக்கும்போதெல்லாம் சோறு இறங்க மாட்டேங்கு.”

“நீங்க எழுதின பதில் இன்னும் இருக்கா, பாருங்க.”

அவர் போனை எடுத்துப் பார்த்தார். இருந்தது. இந்தப் பதில் பயனுள்ளதாக இருந்தது என்று இதுவரை நாற்பத்தொரு பேர் அமுக்கியிருந்தார்கள்.

“இருக்கு.”

“அப்ப அவரும் இருக்கட்டும்.”