சிப்பித்தீவில் பெய்யாத மழை

சிப்பித்தீவு எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், கரையிலிருந்து துடுப்புப் போட்டு ஒரு மணி நேரம் என்பார்கள். திரும்பி வரவும் ஒரு மணி நேரம்தானா என்று கேட்டால், அதை இன்னும் மணி பார்த்துச் சொல்ல ஆள் அமையவில்லை என்பார்கள். அப்படிப்பட்ட ஊர்.

தீவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். ஞானப்பூ தினமும் குடங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போய் நல்ல தண்ணீர் எடுத்து வருவாள். துடுப்புப் போட்டுப் போட்டு அவள் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

ஒரு நாள் வானிலை அலுவலகத்திலிருந்து வசுமதி என்ற அதிகாரி வந்தார். பருவமழைக் காலத்தில் தீவின் மழையும் வெப்பமும் எப்படி மாறுகின்றன என்று அளக்க வேண்டுமாம். மழை போதுமான அளவு இருந்தால், அதைப் பிடித்து வைக்கப் பெரிய தொட்டி ஒன்று கட்டித் தருவார்களாம். ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு மூன்றையும் ஞானப்பூவின் கணவன் லாசரிடம் கொடுத்தார்.

“தினமும் காலை எட்டரை மணிக்கு மழையை அளந்து எழுதுங்க. வெப்பமானி எப்பவும் நிழல்லயே இருக்கணும். மூணு மாசம் கழிச்சு நோட்டை அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டுப் படகேறினார்.

“ஒரு வார்த்தை பிசகினாலும் தொட்டி போயிரும். சொன்னது சொன்னபடி நடக்கணும்,” என்றாள் ஞானப்பூ.

மழை வந்தது. ஆனால் மதியம் மூன்று மணிக்கு வந்தது. ஞானப்பூவின் அண்ணன் தொம்மை மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“மச்சான், மழைமானிக்குள்ள மழை விழுது.”

லாசர் யோசித்தான். சிப்பித்தீவில் மணி அடித்த பிறகுதான் மீன் ஏலம். அதற்கு முன்னால் தராசில் வைத்த மீனை எடுத்துவிடச் சொல்வார்கள்.

“அந்த அம்மா கேட்டது எட்டரை மணி மழை. இந்த மூணு மணி மழை அதுல கலந்தா கள்ளக் கணக்காயிரும்,” என்றான்.

“அப்ப என்ன செய்ய?”

“உள்ள இருக்கிறதைக் கொட்டிட்டு மூடி வை.”

ஞானப்பூ மழைமானியின்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து, காற்றில் பறக்காமலிருக்கக் கல்லும் வைத்தாள்.

தினமும் எட்டரைக்கு மூவரும் குளித்துவிட்டு வந்து சட்டியை எடுப்பார்கள். ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு மூடிவிடுவார்கள். மழை மதியம் பெய்தது, சாயங்காலம் பெய்தது, விடியும்போது பெய்தது. எட்டரைக்கு மட்டும் பெய்யவில்லை. ஒரு நாள் எட்டு இருபத்தெட்டு வரை கொட்டிவிட்டு நின்றது. தொம்மை வானத்தைப் பார்த்து, “இன்னும் ரெண்டு நிமிஷம் பெஞ்சா கொறஞ்சா போயிருவ?” என்று கேட்டான்.

லாசர் நோட்டில் எழுதினான்: மழை இல்லை.

வெப்பமானியில் வேறு சிக்கல். வெயில் நாட்களில் அதைப் பனைமர நிழலில் வைத்து, நிழல் நகர நகரப் பின்னாலேயே நகர்த்தினார்கள். மேகம் மூடியதும் தீவில் ஒரு மரத்துக்கும் நிழல் விழவில்லை.

“நிழல் இல்லாம வெப்பமானியை எங்க வைக்கிறது?” என்றான் லாசர்.

“நிழல் வேணும்னா வெளிச்சம் வேணும். அடுப்பங்கரையில தீ மூட்டு,” என்றான் தொம்மை.

தென்னை ஓலையைப் போட்டு எரித்தார்கள். தீக்கு முன்னால் லாசர் நின்றான். சுவரில் அவன் நிழல் கன்னங்கரேலென்று விழுந்தது. அதன் நடுவில் வெப்பமானியைத் தொங்கவிட்டார்கள்.

“முதுகு வேகுது, புள்ள.”

“தொட்டியை நெனச்சுக்கிட்டு நில்லுங்க,” என்றாள் ஞானப்பூ. நோட்டில் நாற்பத்தெட்டு பாகை என்று ஏறியது.

மூன்று மாதம் முடிந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கோழிகள் கூரையில் குடியிருந்தன. குடம், அண்டா, ஆட்டுக்கல் குழி வரை மழைத் தண்ணீர் தளும்பியது. நோட்டு நனையாமலிருக்க அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துபோய், தொம்மை தபால் படகில் சேர்த்தான்.

அதை யாரோ ஓர் அதிகாரி கவனமாகப் படித்திருக்க வேண்டும். பத்தாம் நாள் கடிதம் வந்தது. ‘பருவமழைக் காலம் தொடங்கியதும் சிப்பித்தீவு வறண்டு, கடும் வெப்பம் அடைகிறது. மழையில்லாத ஊருக்கு மழைநீர்த் தொட்டி பயன்படாது. ஆகவே, இனி வாரந்தோறும் குடிநீர்ப் படகு வரும்.’

ஞானப்பூ இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். “அப்ப நான் துடுப்புப் போட வேண்டாமா?” என்றாள். வேண்டாம் என்று தெரிந்ததும் துடுப்பை அடுப்புக்கு விறகாக்கினாள்.

கடிதத்தோடு வந்த படகிலேயே முப்பது பீப்பாய் நல்ல தண்ணீர் இருந்தது. படகோட்டி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, “பஞ்சத் தண்ணி கொண்டாந்திருக்கேன். எதுல ஊத்த?” என்று கேட்டான்.

மூவரும் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு குவளைகூடக் காலியாக இல்லை.

“இருக்கிறதைக் கீழ கொட்டிரலாமா?” என்றான் தொம்மை.

“கொட்டினா தெருவுல இன்னும் ஏறுமே, அண்ணே.”

லாசர் படகோட்டியிடம் கேட்டான். “பீப்பாயை என்ன செய்யச் சொன்னாங்க?”

“திருப்பிக் கொண்டாரச் சொன்னாங்க. காலியாவான்னு சொல்லல.”

படகோட்டி தன் காலி வாளியை எடுத்துக் கொடுத்ததும் வேலை மளமளவென்று நடந்தது. ஒரு குடம் மழைத் தண்ணீர் பீப்பாய்க்குப் போகும். ஒரு குடம் பீப்பாய்த் தண்ணீர் வீட்டுக்கு வரும். முடிந்ததும் முப்பது பீப்பாயும் நிறைந்து, படகு வந்தபடியே கிளம்பியது.

கண்ணுக்கு மறையும் வரை கையசைத்துவிட்டு, ஞானப்பூ பெருமூச்சு விட்டாள்.

“கரையில அவ்வளவு தண்ணிக் கஷ்டமா? பாவம், இவ்வளவு தூரம் வந்து வாங்கிட்டுப் போறாங்களே.”