செய்யானா, மரவட்டையா?

நெடுங்குளத்தை ஆண்ட வீரகேசரி பூபதிக்குப் புலியென்றால் துளியும் பயமில்லை. அந்த நாட்டில் புலி கிடையாது.

ஒரு மழைக்காலத்துக் காலை, கொலுமண்டபத்தில் அவருக்கு மாலை சூட்டினார்கள். மாலையிலிருந்து சிவப்பாக, ஏகப்பட்ட கால்களோடு ஒன்று மடியில் விழுந்தது. அடுத்த நொடி மன்னர் சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

அரண்மனை விஷ வைத்தியர் அகோர பண்டிதர் ஓடிவந்து, அதைக் குச்சியால் ஒரு குடத்துக்குள் தள்ளினார்.

"அரசே, இது செய்யான். பூரான்களிலேயே கொடியது. கடித்தால் உயிர் ஒரு நாழிகைகூடத் தாங்காது. பூக்காரி வேண்டுமென்றே வைத்திருக்கிறாள்."

மாலை கட்டும் வேலைக்குப் பண்டிதரின் மைத்துனன் ஒரு வருஷமாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிறான். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பூக்காரி நீலாயியை இழுத்துவந்தார்கள். "மகாராசா, இது மரவட்டைங்க. மழைக்குக் கூடையில ஏறும். கடிக்கத் தெரியாதுங்க" என்று அழுதாள்.

உண்மையைச் சொல்லித் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாள் பாவம். மரவட்டை என்று ஒப்புக்கொண்டால், மன்னர் மரவட்டைக்குப் பயந்தவர் என்றாகிவிடுமே. சபை முழுவதும் "செய்யான்தான்" என்று ஒரே குரலில் சொன்னது. "இவளை நாடு கடத்துங்கள்" என்றார் மன்னர்.

வாய்த்துடுக்குக்குப் பேர்போன கூத்தபிரான் எழுந்தார். அவைப்புலவர்களில் மன்னரிடம் பயமில்லாதவர் அவர் ஒருவர்தான். ஒரு துரும்பை எடுத்துக் குடத்துக்குள் விட்டு அதைத் தொட்டார். அது பொத்தான் மாதிரி சுருண்டுகொண்டது.

"பூரான் தொட்டால் ஓடும். இது சுருள்கிறதே, பண்டிதரே?"

"நடிக்கிறது. நடிப்பதுதான் செய்யானின் லட்சணம். என் சுவடியில் இருக்கிறது."

"சரி. விஷ வழக்கில் சாட்சி சொல்பவர் குடத்தில் கைவிட்டுச் சத்தியம் செய்யவேண்டும். பொய்யனைக் கடிக்கும், மெய்யனைக் கடிக்காது. அதுதானே சட்டம்?"

பண்டிதருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அது மரவட்டை என்று அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? முழங்கைவரை உள்ளே விட்டு, மூன்று முறை சத்தியம் செய்தார். அது அசையவில்லை.

"மெய்யன்தான்" என்றார் கூத்தபிரான். "காவலா, நேற்று விறகுக் கொட்டிலில் நீ ஒன்றைப் பிடித்து அடைத்தாயே, அந்தக் குடத்தையும் கொண்டுவா. பண்டிதரே, இதிலும் ஒரு முறை."

பண்டிதர் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு சாண் நீளத்தில் ஒன்று சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, இது செய்யான். இது கடிக்கும்."

"இது செய்யான் என்றால், அது?"

பண்டிதர் மெல்ல மூலைக்கு நகர்ந்தார். மன்னர் முகம் சிவந்தது. "அப்படியானால் நான் மரவட்டைக்குப் பயந்தா மேலே ஏறினேன்?"

"பயமா? அந்த வாயில்லா ஜீவன் திருவடியில் மிதிபட்டுவிடக் கூடாதென்று காலைத் தூக்கிக்கொண்டீர்கள், அரசே. சபையே உங்கள் கருணையைப் பார்த்தது."

"ஆமாம், பார்த்தோம்" என்றது சபை, அதே ஒரே குரலில்.

மன்னருக்கு உயிர் வந்தது. நீலாயிக்கு ஆயுள் முழுவதும் மாலை கட்டும் உரிமையும், கூத்தபிரானுக்குத் தன் தோளில் கிடந்த பட்டும் கொடுத்தார். பிறகு மூலையில் ஒடுங்கி நின்ற பண்டிதரைப் பார்த்தார்.

"கூத்தபிரானே, இவர் எந்த வகை?"

"பார்த்துச் சொல்ல முடியாது, அரசே. தொட்டால்தான் தெரியும்."

மன்னர் செங்கோலை நீட்டிப் பண்டிதரின் முதுகில் மெல்லத் தொட்டார். பண்டிதர் ஒரே ஓட்டமாக வாசலைத் தாண்டினார்.

"பூரான்" என்றார் கூத்தபிரான்.