மீசையில் பிறந்த சட்டம்

முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவின் மீசையால் ஒரு நாடே வாய் மூடிக் கிடந்தது.

ராஜாவின் பெயர் கீர்த்திவர்மன். நாற்பது வயதில் அவருக்கு முறுக்கு மீசைமேல் ஆசை வந்தது. இரண்டு மாதம் நெய் தடவி வளர்த்தார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, "எப்படி இருக்கிறது?" என்று ராணி செண்பகவல்லியிடம் கேட்டார். ராணி கையில் கரண்டியோடு நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"உதட்டின்மேல் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது" என்றாள்.

ராஜா ஒன்று சொல்ல, ராணி இரண்டு சொல்ல, இலையில் பாயசம் ஆறிப்போயிற்று. மறுநாள் காலை சபை கூடியதும் ராஜா அறிவித்தார்: "இனி இந்த நாட்டில் எந்தக் கணவனும் மனைவியும் சண்டையிடக் கூடாது."

சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள், விகடகவி வெண்காடனைத் தவிர. ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவன் வேலை. அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"மகாராஜா, கோட்டை வாசலில் அரசாங்கம் இருக்கட்டும். அடுப்பங்கரையில் அதற்கு என்ன வேலை?"

"அமைதியைக் காக்கும் வேலை" என்று முந்திக்கொண்டார் ராஜாவின் தலைமை மந்திரியான பிரதானி தாண்டவராயர். அவருக்கு வெண்காடனைக் கண்டாலே ஆகாது. நாள் முழுக்க அவர் வாசித்த ஓலைகளுக்குக் கிடைக்காத முத்துமாலை, வெண்காடன் சொல்லும் ஒற்றை வார்த்தைக்குக் கிடைத்துவிடும். அந்த ஆத்திரம் பல வருஷமாக உள்ளே புகைந்துகொண்டிருந்தது. வெண்காடன் வீட்டுச் சண்டை தெருவுக்கே தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

சட்டத்தை அவரே எழுதினார். சண்டைகள் பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில்தான் பிறக்கின்றன. ஆகவே கணவனும் மனைவியும் வாழும் ஒவ்வொரு வீட்டிலும் அந்த வேளையில் ஓர் அதிகாரி உட்கார்ந்து, குரல் உயர்ந்தால் குறித்துக்கொள்வார். மூன்று முறை பதிவானால் மனைவி ஒரு வருஷம் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும். ராஜாவின் செல்லப்பிள்ளை என்று வெண்காடன் சலுகை கேட்டு வந்துவிடுவானே என்று யோசித்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'இதிலிருந்து எந்த வீட்டுக்கும் விலக்கு இல்லை.' ராஜா முத்திரை வைத்தார்.

வெண்காடனும் அவன் மனைவி அஞ்சலையும் தினமும் சண்டை போடுவார்கள். அது அவர்களுக்குச் சோற்றில் உப்பு மாதிரி. தோற்றவர் ஜெயித்தவருக்கு வெற்றிலை மடித்துத் தர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அஞ்சலை வெற்றிலை மடித்தது இரண்டே முறை.

இப்போது இருவருக்கும் நடுவில் ஓலையும் எழுத்தாணியுமாக ஓர் ஆள்.

"புளி வாங்கி வரச் சொன்னேனே?" என்றாள் அஞ்சலை.

"மறந்துட்டேன்."

"நாலு நாளா மறக்கிறீங்க. ராஜா வீட்டுக் கதையெல்லாம் ஞாபகம் இருக்கு, நம்ம வீட்டுப் புளி மட்டும்..."

"குரல் உயர்ந்தது, ஒன்று" என்றார் அதிகாரி.

அடுத்த நாள், கொடியில் ஈரத்துண்டைச் சுருட்டிப் போட்டதற்கு இரண்டாவது. மூன்றாம் நாள் அஞ்சலை உதட்டைக் கடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. ஆனால் ரசச் சட்டியை 'ணங்'கென்று வைத்தாள். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அஞ்சலை துணிமணிகளை மூட்டை கட்டினாள். அவள் பிறந்த ஊர் ஆறு நாள் வழி. மறுநாள் சாயங்காலம் வண்டி.

"ஒரு வருஷம் யாரோட சண்டை போடுவீங்க?" என்று கேட்டாள். சிரிக்கத்தான் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவனுக்கு விகடம் ஒன்றும் வரவில்லை.

காலையில் சபைக்குப் போனான். அவன் மன்னிப்புக் கேட்பான் என்று தாண்டவராயர் காத்திருந்தார்.

"மகாராஜா, என் மனைவி சட்டத்தை மீறினாள். சாயங்காலம் புறப்பட்டுவிடுவாள். ஆனால் இந்த நகரத்தில் ஒரு வீட்டில் மட்டும் இன்னும் அதிகாரி உட்காரவில்லை. அது நியாயமா?"

"யார் வீடு அது?" என்றார் ராஜா.

"தங்கள் வீடு."

வெண்காடன் சட்ட ஓலையை நீட்டினான். ராஜா கடைசி வரியைப் படித்தார். பிறகு தாண்டவராயரைப் பார்த்தார். தாண்டவராயர் மேல்கூரையைப் பார்த்தார்.

"நான் வைத்த முத்திரைக்கு நானும் கட்டுப்பட்டவன்" என்றார் ராஜா. "பிரதானியாரே, இன்று மத்தியானம் நீரே வந்து அமரும். வெண்காடன் சாட்சி."

மத்தியானம் ராஜா இலைமுன் அமர்ந்தார். ராணி பரிமாறினாள். நடுவில் தாண்டவராயர். வாசல்படியில் வெண்காடன்.

சட்டம் வந்ததிலிருந்து ராணி அதற்குப் பயந்து, கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லி வந்தாள்.

"கூட்டு நன்றாக இருக்கிறது" என்றார் ராஜா.

"மகாராஜாவின் தயவு."

"அந்தப்புரத்து மயில் எப்படி இருக்கிறது?"

"இருக்கிறது."

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மயிலைப் பற்றி ஆரம்பித்தால் ராணி வழக்கமாக அரை நாழிகை பேசுவாள்.

"செண்பகம், என்னிடம் சரியாகப் பேசி எத்தனை நாளாயிற்று? இந்த மீசை உனக்குப் பிடிக்கவில்லையென்றால் சொல்லிவிடேன்."

ராணி கடைக்கண்ணால் எழுத்தாணியைப் பார்த்தாள். "தங்கள் இஷ்டம்."

"என் இஷ்டத்தையா கேட்டேன்?" ராஜாவின் குரல் ஏறியது.

"பிரதானியாரே, ஒன்று" என்றான் வெண்காடன் மெதுவாக.

தாண்டவராயருக்கு வேர்த்தது. "இது... இது மகாராஜா ஆதங்கத்தில் கேட்டது."

"என் வீட்டில் ரசச் சட்டியையே எழுதினார்கள், ஐயா."

தாண்டவராயர் எழுதினார்.

"என்ன எழுதுகிறீர்?" என்று ராஜா அவர் பக்கம் திரும்பி அதட்டினார். "நான் என் மனைவியிடம் பேசக் கூடாதா?"

"இரண்டு" என்றான் வெண்காடன்.

ராணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். நெய்க் கிண்ணத்தை 'ணங்'கென்று வைத்தாள்.

யாரும் எண்ணவில்லை. எண்ணத் தேவையிருக்கவில்லை. தாண்டவராயரின் எழுத்தாணி ஓலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எழுதினால் ராணி நாட்டை விட்டுப் போக வேண்டும். எழுதாவிட்டால் ராஜ முத்திரையை மீறியவர் அவர்.

ராணி எழுந்தாள். "நான் மூட்டை கட்டுகிறேன். என் பிறந்த வீடு மலைக்கு அப்பால். ஒரு வருஷம் கழித்து மீசை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம்."

ராஜா சாதக் கையோடு எழுந்துவிட்டார். "போகாதே. பிடிக்கவில்லையென்று திட்டு. உரக்கவே திட்டு."

"அதிகாரி இருக்கிறாரே."

ராஜா அந்த ஓலையைப் பிடுங்கி இரண்டாக முறித்தார். "இப்போது இல்லை. சொல்."

ராணி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கம்பளிப்பூச்சியேதான். இப்போது அதில் பருப்பு வேறு ஒட்டியிருக்கிறது."

ராஜா மீசையைத் தடவினார். விரலில் பருப்பு வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் அந்தப்புரத்து மயில் பயந்து அகவியது.

அந்த மத்தியானமே சட்டம் ஒழிந்தது. "வீட்டு வாசலுக்கு உள்ளே நடப்பது வீட்டுக்காரர்கள் பாடு" என்று முரசு அறைந்தார்கள். தாண்டவராயர் வீடு வீடாகப் போய், எழுதிய ஓலைகளைத் திருப்பிக் கொடுத்து, ஆளுக்கொரு வசவு வாங்கி வர வேண்டும் என்றார் ராஜா. முதல் வீடு அவருடையதே. அங்கே சட்டம் வந்ததிலிருந்து வாய் திறக்க முடியாத அவர் மனைவி வாசலிலேயே காத்திருந்தாள்.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று வெண்காடனிடம் கேட்டார் ராஜா.

"எங்கள் வீட்டில் தோற்றவன் வெற்றிலை மடிப்பான், மகாராஜா. எங்கள் வெற்றிலைப் பெட்டி தேய்ந்துவிட்டது."

ராஜா மறுபடி சிரித்து, தம் வெள்ளி வெற்றிலைப் பெட்டியையே எடுத்துக் கொடுத்தார். கொடுக்குமுன் அதிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, கோணல்மாணலாக மடித்து ராணியிடம் நீட்டினார்.

வெண்காடன் வீட்டுக்கு ஓடினான். வாசலில் வண்டி நின்றது. அஞ்சலை மூட்டையோடு ஏறப் போனவள், சேதியைக் கேட்டு இறங்கினாள். வெள்ளிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் சரி, புளி எங்கே?"

வெண்காடன் படியில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தான்.