முதலை போட்ட வட்டம்

தலையிலடித்துச் சத்தியம்! இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்!

காட்டுக்குள்ளே ஒரு மடு. மடுவுக்குள்ளே மடுவாயி என்றொரு முதலை. தண்ணீர் குடிக்க வந்தவர்களில் பாதிப்பேர் வீடு திரும்பியதில்லை.

கரையில் வாழ்ந்த முள்ளம்பன்றி ஈட்டியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். முதுகு முள்ளைப் பிடுங்கி ஈரச் சேற்றில் குறி கீறினான். பெருக்கல் குறி என்றால் முதலை பக்கத்தில் இருக்கிறது, ஓடு! வட்டம் என்றால் அக்கரையில் வெயில் காய்கிறது, குடி!

தினமும் மரவேரில் ஏறி எட்டிப் பார்த்துக் குறி போட்டான். சாவு நின்றது. காடே அவனைக் கொண்டாடியது.

அத்தோடு விட்டானா? கரையிலேயே பள்ளிக்கூடம் திறந்தான். "இனி எவரும் எட்டிப் பார்க்கக் கூடாது! மோப்பம் பிடிக்கக் கூடாது! அதெல்லாம் படிக்காதவன் வேலை!" என்று சட்டம் போட்டான். தெரியாமல் மூக்கை உறிஞ்சிய காட்டெருமையை முட்டி போட வைத்தான்.

அந்தப் பள்ளியில் முதல் மாணவி யார் தெரியுமா? தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் பாடம் கேட்ட மடுவாயிதான்! பட்டினி கிடந்தவளுக்குப் படிப்பு சட்டென்று ஏறியது.

ஒரு மத்தியானம் ஈட்டியப்பன் வந்து பார்த்தால், கரையில் புது வட்டம். அவன் போடாத வட்டம்!

பயம் வந்திருக்க வேண்டும். அவனுக்கோ பெருமை வந்தது. 'அடடா! நம் எழுத்து பரவிவிட்டதே! எந்தச் சீடப்பிள்ளையோ எழுதியிருக்கிறான்!'

பின்னால் நின்ற புள்ளிமான் பூவாத்தா நடுங்கினாள். "வாத்தியாரே, கவுச்சி அடிக்குது! தண்ணியில ரெண்டு கண்ணு வேற முழிக்குது!"

"வட்டம் போட்டிருக்கா, இல்லையா?"

"போட்டிருக்கு. கண்ணும் இருக்கே!"

"எழுத்தைவிட உன் கண்ணு பெருசா? மக்கு! பாரு, நானே குடிச்சுக் காட்டுறேன்!"

பூவாத்தா ஒரே பாய்ச்சலில் புதருக்குள் மறைந்தாள். ஈட்டியப்பன் குனிந்தான். வட்டம் ஓரத்தில் கொஞ்சம் கோணல். திருத்த முள்ளை எடுத்தான். லபக்!

"ஐயையோ! வட்டம் போட்டிருக்கே! விடு!"

"எழுதத்தானே கத்துக் கொடுத்தீங்க வாத்தியாரே?" என்றாள் மடுவாயி, கடித்த பல்லைத் திறக்காமல், வெகு மரியாதையாக. "உண்மையை எழுதணும்னு சொல்லவே இல்லையே!"

அலறல் கேட்டு மாணவர்கள் ஓடி வந்தார்கள். வட்டத்தைப் பார்த்தார்கள். "வட்டம் இருக்குதே! வாத்தியாருக்கு ஒண்ணும் ஆயிருக்காது!" என்று தண்ணீர் குடிக்க வரிசையில் நின்றார்கள்.

எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, எழுதியது யார் என்று பார்க்காதவன் படித்தும் முட்டாளே.

இதைச் சொன்னது யார் என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். மடுவாயியின் பேரப்பிள்ளைகள் எல்லாம் இப்போது நன்றாகப் படிக்கிறார்களாம்!