கல்யாணப் பத்திரிகையும் கம்ப்யூட்டர் பேட்டரியும்

ஆலங்கிணறு பஜாரில் அச்சகம் நடத்திவந்த சொர்ணலிங்கம், தங்கப்பழம், உக்கிரபாண்டி மூவரும் பெரிய அறிவாளிகள். அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். மறுத்துப் பேச ஊரில் யாருக்கும் நேரமில்லை.

சொர்ணலிங்கத்தின் ஒரே மகள் செண்பகவடிவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. உள்ளூர்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர், வயது இருபத்துநாலு. சாயங்காலம் நாலு மணிக்குச் சம்பந்தி வருவார். மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையை அவர் கையில் கொடுக்க வேண்டும். பத்திரிகையோ இன்னும் அச்சாகாமல் அச்சகத்துக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கொடுக்காவிட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று சொர்ணலிங்கம் காலையிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் என்றால் வெள்ளையடிப்பது வழக்கம். வீட்டுக்கு அடித்தாயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் பழசாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? மெக்கானிக் மரியசூசை போனில் சொல்லச் சொல்ல, அதன் மதர்போர்டில் புது பயாஸை, அதாவது கம்ப்யூட்டரைக் கண் விழிக்கவைக்கும் புரோகிராமை, ஏற்றத் தொடங்கினார்கள்.

"பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள யாரும் சுவிட்சை அணைச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு மரியசூசை போனை வைத்தார்.

மூவரும் சுவிட்சைச் சுற்றிக் காவல் நின்றார்கள்.

"கை தவறிப் பட்டுட்டா என்ன செய்ய?" என்றார் தங்கப்பழம்.

"ஒயர் சொருகியிருந்தாத்தானவே அணைக்க முடியும்?" என்றார் உக்கிரபாண்டி.

சொர்ணலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. ஒயரைப் பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இனி எவனாலும் அணைக்க முடியாது.

திரை கறுத்துப் போனது. ஒயரைத் திரும்பச் சொருகியும் கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை. சொர்ணலிங்கம் அழுதேவிட்டார்.

மரியசூசை தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு பாவம், வழியும் சொன்னார்.

"ஒயரைப் பிடுங்கிட்டு, போர்டுல காசு மாதிரி இருக்கிற பேட்டரியைக் கழட்டி, அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. பக்கத்து ஜெராக்ஸ் கடையில நான் அனுப்புற பைலைப் பென்டிரைவுல வாங்கிக்கோங்க. ஒயரை மாட்டி, பென்டிரைவைப் பின்னாடி சொருகி, அங்க இருக்கிற பொத்தானை மூணு செகண்டு அமுக்குங்க. லைட் மினுக்கும். அது நிக்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்க!"

எல்லாம் செய்தார்கள். லைட் மினுக்கியது. மூவரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, கால் தரையைத் தொடுதே!" என்று அலறினார் தங்கப்பழம்.

உக்கிரபாண்டி கொஞ்சம் யோசித்தார். "குதிப்போம்வே. மேல இருக்கிற நேரமாவது தொடாம இருப்போம்லா."

எட்டு நிமிடம் குதித்தார்கள். விசிட்டிங் கார்டு அடிக்க வந்த பல் டாக்டர் ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

எப்படியோ கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது. பத்திரிகையும் பத்திரமாக இருந்தது. சொர்ணலிங்கம் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. அந்தப் பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டர் இன்றைய தேதியை மறந்து பழைய தேதிக்குப் போய்விடும். அது அவர்களுக்குத் தெரியாது. தேதி பதினைந்து வருடம் பின்னால் போயிருந்தது.

"சுவத்துக் காலண்டர்ல வேற தேதியில்ல இருக்கு?" என்றார் தங்கப்பழம்.

"அது நாம அடிச்ச காலண்டர்வே. தப்பாத்தான் இருக்கும்" என்றார் உக்கிரபாண்டி.

இதை யாராலும் மறுக்க முடியவில்லை.

"அப்ப எங்க மாமியா இன்னும் உயிரோட இருக்காங்க" என்ற தங்கப்பழத்தின் முகம் வாடிப்போனது.

சொர்ணலிங்கம் விரல்விட்டு எண்ணினார். "ஐயோ! செண்பகத்துக்கு ஒம்பது வயசுதான் ஆகுது. குழந்தைக்கா கல்யாணம் பண்ணப் பார்த்தேன்!"

நாலு மணிக்குத் தாம்பாளத்தோடு வந்த சம்பந்தியை அச்சக வாசலிலேயே கும்பிட்டார். "மன்னிச்சிருங்க சம்பந்தி. பதினஞ்சு வருஷம் போகட்டும். மாப்பிள்ளையும் ஏழாவதுதான படிக்காரு? படிப்பைக் கெடுக்க வேண்டாம்."

சம்பந்தி அங்கிருந்த காகிதக் கட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

சொர்ணலிங்கம் வீட்டுக்கு ஓடி, மகளைக் கட்டிக்கொண்டு தேம்பினார். "பச்சைப் பிள்ளைக்குத் துரோகம் பண்ண இருந்தேனே! நாளைக்கே உன்னை நாலாம் வகுப்புல சேத்துவிடுதேன்."

"அப்பா, அந்த வகுப்புக்கு நான்தான டீச்சர்!"

சொர்ணலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அப்ப கவலையே இல்ல தாயி. பாடம் புரியலைன்னா டீச்சர்கிட்ட கேக்க நீ வெக்கப்பட வேண்டாம்லா."