வாழ்ந்து வரும் தெரு

பந்தல்காரத் தெருவுக்குப் புதுப்பிப்புத் திட்டம் வந்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு, தெருமுனைக்கு வளைவு. குடியிருந்தவர்களுக்கு மட்டும் ஊருக்கு வெளியே அடுக்குமாடி. மனுப் போட்டே கை ஓய்ந்த தெரு அது.

வளைவின் உச்சியில் பதித்த கல்வெட்டைத் திறக்கக் கலெக்டர் வந்தார். அந்தக் கல்லை ஏற்றச் சாரம் கட்டியவளும், விழாவுக்குப் பந்தல் போட்டவளும் அதே தெருவைச் சேர்ந்த இருளாயி. அவளைத் திட்ட அதிகாரி தாமோதரன் மடக்கினார்.

"இருநூறு வருஷமா இருக்கோம்னு சொல்றியே, அத்தாட்சி எங்க? இன்னிக்கே காட்டு, இல்ல நாளைக்கே எல்லாரும் காலி பண்ணுங்க."

"காட்டுறேங்கய்யா. முதல்ல கல்லைத் திறந்து, சத்தமா வாசிங்க."

திரை விலகியது. தாமோதரன் மைக்கில் முழங்கினார்: "இருநூறு ஆண்டுகளாகப் பந்தல்காரர்கள் வாழ்ந்து வரும் தெரு!"

"அரசு முத்திரை இருக்குங்களா?"

"பெரிசாவே இருக்கு!"

"அதாங்கய்யா அத்தாட்சி. நீங்களே கல்லுல அடிச்சுக் குடுத்துட்டீங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாமோதரன் தடுமாறினார். "அது பிழை. 'வாழ்ந்த'ன்னு இருக்கணும்."

கலெக்டருக்கும் சிரிப்பு. "அப்ப கல்லைத் திருத்துங்க. திருத்துற வரைக்கும் யாரும் காலி பண்ண வேண்டாம்."

கல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்ட அந்த ஊரில் பந்தல்காரத் தெருவை விட்டால் ஆள் கிடையாது.